கேட்டது ஆலோசனை, கொடுத்தது சரக்கு: கணினிக் கடைகளில் தொலையும் அமானிதம்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



திருநெல்வேலியில் கணினி பழுது நீக்கும் கடை ஒன்றைப் பதினேழு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். நம் சமுதாயத்துப் பிள்ளைகள் பலர் இத்தொழிலில் இருக்கிறார்கள். பேட்டையிலும் மேலப்பாளையத்திலும் பாளையங்கோட்டையிலும் ஏர்வாடியிலும் கடையநல்லூரிலும் இத்தகைய சிறு கடைகளைக் காணலாம். கடைச் சுவரில் ஆயத்துல் குர்ஸீ தொங்கும். தொழுகை நேரத்தில் ஷட்டர் பாதி இறங்கும். வட்டிக் கடன் வாங்கித் தொழில் நடத்தவில்லை என்று பெருமையோடு சொல்லிக்கொள்வோம். அதே கடையில் அன்றாடம் ஓர் ஏமாற்று நடக்கிறது. அதை ஏமாற்று என்று எவரும் சொல்வதில்லை. நானும் நெடுங்காலம் சொன்னதில்லை. பழுது பார்க்க வருகிறவர் எல்லாருக்கும் ஆன்ட்டிவைரஸ் மென்பொருளைப் பரிந்துரைத்து, அதை நாமே விற்று, அதில் நமக்குக் கிடைக்கும் இலாபத்தை மறைத்துவிடும் வழக்கத்தைத்தான் சொல்கிறேன்.

இக்கட்டுரை என் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கு எதிராக எழுதப்படுவது. முதலில் எனக்கு எதிராகவே எழுதப்படுவது.

வெள்ளம் கேட்ட கேள்வி

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களின் பெருமழையை இப்பகுதியார் எவரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரை மீறியதில் ஜங்ஷன் பேருந்து நிலையமும் வண்ணாரப்பேட்டையும் வெள்ளக்காடாயின. நீர் வடிந்த பின், சேறு படிந்த கணினிகள் என் கடை மேசைக்கு வரிசையாக வந்து சேர்ந்தன.

அவற்றுள் ஒரு மடிக்கணினியைக் கொண்டுவந்தவர், ஆற்றை ஒட்டிய தெருவில் வசிக்கும் ஒரு மூத்த அம்மையார். அவருடைய கணவர் வளைகுடா நாட்டில் வேலை பார்த்து அங்கேயே வஃபாத்தானவர். அவர் அனுப்பிய படங்கள், பிள்ளைகளோடு பேசிய குரல் பதிவுகள், பிள்ளைகளின் சான்றிதழ் நகல்கள் யாவும் அக்கணினி ஒன்றில் மட்டுமே இருந்தன. திறந்து பார்த்தேன். ஹார்ட் டிஸ்கிற்குள்ளும் சேற்றுநீர் புகுந்திருந்தது. என்னால் எதையும் மீட்டுத் தர இயலவில்லை.

அந்த அம்மையார் அழவில்லை. ஒரு கேள்வி மட்டுமே கேட்டார்: "தம்பி, போன மாசம்தானே ஆயிரம் ரூபா வாங்கிட்டு ஆன்ட்டிவைரஸ் போட்டுத் தந்தீங்க? இனிமே எல்லாம் பத்திரமா இருக்கும்னு சொன்னீங்களே?"

சொன்னது உண்மைதான். வைரஸைத் தடுக்கும் மென்பொருள் வெள்ளத்தைத் தடுக்காது என்பது எனக்குத் தெரியும்; அவருக்குத் தெரியாது. ஆனால் அவர் எதைப் பத்திரப்படுத்த விரும்பினார் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. கணவரின் படங்களைக் காட்டித்தான் "இதெல்லாம் போயிடக் கூடாது" என்றார். அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் எளிது: "இவற்றை ஒரு பென் டிரைவில் நகலெடுத்து உங்கள் மகள் வீட்டில் வைத்துவிடுங்கள், இன்னொரு நகலைக் கூகுள் கணக்கில் ஏற்றித் தருகிறேன், 15 ஜிபி வரை இலவசம்." அரை மணி நேர வேலை, சில நூறு ரூபாய்ச் செலவு. இதை ஏன் சொல்லவில்லை என்று அன்றிரவு என்னை நானே கேட்டுக்கொண்டேன். பதில் வெட்கக்கேடானது. அந்த ஆலோசனையில் எனக்குக் கமிஷன் இல்லை. ஆன்ட்டிவைரஸ் பெட்டியில் இருந்தது.

விற்பது குற்றமா?

இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வியாபாரத்தை அல்லாஹ் ஆகுமாக்கியிருக்கிறான். ஆன்ட்டிவைரஸ் ஒரு பயனுள்ள பொருள். அதைச் செய்பவரும் விற்பவரும் உழைத்தே பொருளீட்டுகிறார்கள்.

பழுது நீக்கும் கடைக்கும் இம்மென்பொருளுக்கும் உள்ள உறவு நம் நாட்டில் பழையது. மகாராஷ்டிர மாநிலம் புனேயில் கால்குலேட்டர் பழுது பார்த்துத் தொழிலைத் தொடங்கிய கைலாஷ் கட்கர் என்பவர், 1990-களில் கணினிகளையும் பழுது பார்த்து வந்தார். வாடிக்கையாளரின் கணினிகள் மீண்டும் மீண்டும் வைரஸ் தொற்றோடு வருவதைக் கண்டு, கணினி படித்த தம்பி சஞ்சய் அவற்றைத் துப்புரவாக்கும் மென்பொருளை எழுதினார். அந்தக் கடையே வளர்ந்து குவிக் ஹீல் நிறுவனமாயிற்று. 2016-இல் பங்குச் சந்தையிலும் இடம் பெற்றது. நம் சென்னையில் 1991-இலேயே தொடங்கப்பட்டது கே7 நிறுவனம். நோயைக் கண்டார்கள், மருந்து செய்தார்கள், விலை சொல்லி விற்றார்கள். இதில் குறை காண எதுவுமில்லை.

ஆனால் இதே வரலாற்றின் தொடக்கத்தில் இன்னொரு கடையும் இருக்கிறது. தனிநபர் கணினிகளைத் தாக்கிய முதல் வைரஸ் என்று அறியப்படும் 'பிரெய்ன்' 1986-இல் லாகூரில் பிறந்தது. எழுதியவர்கள் அங்கே கணினிக் கடை நடத்திய பாசித், அம்ஜத் என்னும் சகோதரர்கள். தாங்கள் எழுதிய மருத்துவ மென்பொருளைத் திருட்டு நகலெடுப்பவர்களைக் கண்டறியவே அதை எழுதியதாக அவர்கள் கூறினர். அந்த வைரஸின் உள்ளேயே கடையின் முகவரியும் தொலைபேசி எண்ணும் இருந்தன. நிவாரணத்திற்குத் தங்களை அணுகுமாறு ஒரு குறிப்பும் இருந்தது. நோயும் மருந்துக் கடையின் முகவரியும் ஒரே வட்டில் பயணம் செய்தன! அவர்களின் நோக்கம் எதுவாயினும், அந்தக் காட்சி நம் தொழிலுக்கு ஓர் எச்சரிக்கை. வாடிக்கையாளரின் அச்சத்திலிருந்து நமக்கு வருமானம் வருமானால், அந்த அச்சம் குறைவதை நம் நஃப்ஸ் விரும்பாது.

வீட்டிலேயே இருக்கும் காவலாளி

பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு நிலைமை வேறு. அன்று விண்டோஸ் கணினியில் வைரஸ் தடுப்பு தானாக உடன் வராது. கல்லூரி மாணவரின் பென் டிரைவ் ஒன்று ஜெராக்ஸ் கடைக் கணினியைத் தொட்டுத் திரும்பினால் வீட்டுக் கணினியும் சேர்ந்து நோயுறும். அக்காலத்தில் ஆன்ட்டிவைரஸ் பரிந்துரைத்தவர் நன்மையே செய்தார்.

2012-இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு, டிஃபெண்டர் என்னும் முழுமையான வைரஸ் தடுப்பு விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது. தனி விலை இல்லை; ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியதில்லை. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் போன்ற சுதந்திரமான ஆய்வுக்கூடங்களின் சோதனைகளில் அது பலமுறை முழு மதிப்பெண் பெற்றிருக்கிறது. வீட்டில் பாடம் படிக்கவும், மின்கட்டணம் செலுத்தவும், வெளிநாட்டில் இருக்கும் வாப்பாவோடு முகம் பார்த்துப் பேசவும் கணினியைப் பயன்படுத்தும் குடும்பத்திற்கு, காலத்தோடு புதுப்பிக்கப்படும் விண்டோஸும் டிஃபெண்டரும் போதுமானவை. இது என் தொழிலில் உள்ளவர்கள் அனைவரும் அறிந்த உண்மை. நம் கடைக் கணினியிலும் நம் வீட்டுக் கணினியிலும் நாம் வைத்திருப்பது பெரும்பாலும் டிஃபெண்டரே. தமக்கு விரும்புவதைத் தம் சகோதரருக்கும் விரும்பும் வரை ஈமான் முழுமை பெறாது என்று ஜும்ஆவில் கேட்டு வளர்ந்த நாம், மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கு மட்டும் வேறொன்றை விரும்புகிறோம்.

இப்போது ஒரு புதிய வாய்ப்பு வந்திருக்கிறது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. "ஆதரவு முடிந்துவிட்டது, ஆகவே ஆன்ட்டிவைரஸ் வாங்குங்கள்" என்று வாடிக்கையாளரிடம் சொல்லத் தொடங்கியிருக்கிறோம். இது உண்மையைப் போலத் தோன்றும் பொய். நின்றுபோனது இயங்குதளத்தின் ஓட்டைகளை அடைக்கும் பணி. எந்த ஆன்ட்டிவைரஸும் அந்தப் பணியைச் செய்யாது. டிஃபெண்டருக்கோ, விண்டோஸ் 10-இலும் வைரஸ் அடையாளப் புதுப்பிப்புகள் 2028 அக்டோபர் வரை தொடரும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. நேர்மையான ஆலோசனை இது: கணினி தாங்குமானால் விண்டோஸ் 11-க்கு மாறுங்கள், தாங்காவிட்டால் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும் நீட்டிப்புப் புதுப்பிப்பில் பதிவு செய்யுங்கள், அதன் பிறகு இலவசமான லினக்ஸுக்கு மாறலாம். இம்மூன்றில் எதிலும் நமக்குப் பெட்டி விற்பனை இல்லை. ஆகவேதான் இம்மூன்றும் நம் வாயில் வருவதில்லை.

மேசைக்கு இந்தப் பக்கம் நடப்பவை

என் கடையில் நடந்தவற்றையும் நான் கண்ணால் கண்டவற்றையும் மட்டுமே எழுதுகிறேன்.

முதலாவது, விலை. பெட்டியின் மேல் அச்சிட்ட விலைக்கும் விநியோகஸ்தர் எங்களுக்குத் தரும் விலைக்கும் இடையே பாதிக்கு மேல் வேறுபாடு இருந்ததுண்டு. குறிப்பிட்ட எண்ணிக்கை விற்றால் பரிசு. அதற்கும் மேல் விற்றால் வெளிநாட்டுச் சுற்றுலா. "உங்களுக்காக இருநூறு குறைச்சுத் தர்றேன்" என்று சொல்லும்போது வாடிக்கையாளர் நன்றியோடு பார்ப்பார். அந்தப் பார்வையைத் தாங்கிக்கொள்ள நான் பழகியிருந்தேன்.

இரண்டாவது, கீயைப் பங்கிடுதல். மூன்று கணினிகளுக்கான ஒரே லைசென்ஸ் கீயை வாங்கி, ஒருவரையொருவர் அறியாத மூன்று வாடிக்கையாளர்களுக்கு முழு விலைக்கு விற்பது. பெட்டி யாருக்கும் கிடைக்காது, பில்லும் கிடைக்காது. பின்னாளில் கீ முடக்கப்பட்டால் அவர் யாரிடம் முறையிடுவார்?

மூன்றாவதே மிகக் கொடியது. பழுது பார்க்க வரும் கணினியில் திருட்டு விண்டோஸை ஏற்றுகிறோம். அது அம்பலமாகிவிடாதிருக்க, விண்டோஸ் புதுப்பிப்பையே நிறுத்திவைக்கிறோம். திருட்டு விண்டோஸைச் செயல்படுத்தும் கருவியை ஆன்ட்டிவைரஸ் ஆபத்து என்று பிடிக்கும். அப்படிப் பிடிக்காதிருக்க அதை விலக்குப் பட்டியலில் சேர்க்கிறோம். பிறகு அதே கணினிக்குப் பாதுகாப்பு என்று சொல்லி ஆயிரம் ரூபாய் வாங்குகிறோம். கதவைப் பெயர்த்து எடுத்துவிட்டுப் பூட்டு விற்கும் வேலை இது. 2017 மே மாதம் 'வன்னாகிரை' என்னும் பணயத் தாக்குதல் ஏறத்தாழ 150 நாடுகளில் கணினிகளை முடக்கியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியிட்டிருந்தது. புதுப்பிப்பை ஏற்காத கணினிகளே சிக்கின. புதுப்பிப்பை நிறுத்தியவர் கடைக்காரராக இருந்தால் அந்த இழப்பின் பாவம் யாரைச் சேரும்?

நான்காவது, அச்சமூட்டும் பேச்சு. கணினி மெதுவாக ஓடினாலும், மின்விசிறி சத்தமிட்டாலும், வை-ஃபை விட்டுவிட்டு வந்தாலும் "வைரஸ்தான்" என்று சொல்லிவிடுவது. மேலப்பாளையத்தில் பீடி சுற்றிப் பிள்ளையைப் படிக்க வைக்கும் ஒரு தாய், 2011-இல் அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மகளுக்குக் கிடைத்த கணினியைக் கொண்டுவருகிறார். நினைவகம் குறைவான அந்தப் பழைய கணினியில் கனமான ஆன்ட்டிவைரஸை ஏற்றினால் அது முன்னிலும் மெதுவாகும். மெதுவாகிறதென்று மீண்டும் வருவார். மீண்டும் சர்வீஸ் கட்டணம். அந்த ஆயிரம் ரூபாய்க்கு அவர் எத்தனை ஆயிரம் பீடிகள் சுற்றியிருப்பார் என்று நாம் கணக்கிட்டதில்லை.

ஈரத்தை மேலே வையுங்கள்

நம் மாவட்டத்துப் பத்தமடையைப் பாருங்கள். தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையைக் கொண்டு நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பாய் நெய்கிறார்கள். வாங்குபவர் பாயைக் கையில் எடுத்துத் தடவிப் பார்க்கிறார், மடித்துப் பார்க்கிறார், நெசவின் நெருக்கத்தை வெளிச்சத்தில் பார்க்கிறார். பட்டுப்பாய்க்கும் சாதாரணப் பாய்க்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணும் கையும் சொல்லிவிடும். ஆன்ட்டிவைரஸ் வாங்குபவருக்குத் தடவிப் பார்க்க எதுவுமில்லை. அது வேலை செய்கிறதா, தேவைதானா, ஏற்கெனவே இருப்பது போதுமா என்று அறிய அவரிடமுள்ள ஒரே கருவி நம் நாக்குத்தான். பொருள் எவ்வளவு மறைவானதோ, விற்பவரின் பொறுப்பு அவ்வளவு கூடுகிறது.

கடைவீதியில் தானியக் குவியலைக் கண்ட கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் அதனுள் கையை விட்டுப் பார்த்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மழை பெய்தது அவர் குற்றமன்று. நனைந்த தானியத்தை விற்கக் கூடாது என்றும் நபி (ஸல்) அவர்கள் சொல்லவில்லை. மக்கள் காணும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கலாமே என்றுதான் கேட்டார்கள். ஏமாற்றுபவரைத் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று விலக்கினார்கள். என் தொழிலுக்கு இதைவிடத் தெளிவான தீர்ப்பு வேண்டியதில்லை. ஆன்ட்டிவைரஸ் விற்பதில் தடையில்லை. "கணினியிலேயே ஒன்று இலவசமாக இருக்கிறது, உங்கள் தேவைக்கு அது போதும், இதை விற்றால் எனக்கு இவ்வளவு கிடைக்கும்" என்பதே இங்கே ஈரம். அதை மேலே வைத்துவிட்டு விற்கட்டும்.

ஆலோசனை கேட்கப்படுபவர் அமானிதத்தைச் சுமப்பவர் என்னும் கருத்துள்ள நபிமொழி திர்மிதீ, அபூதாவூத் தொகுப்புகளில் உள்ளது. "தம்பி, என்ன போட்டா நல்லது?" என்று ஒருவர் கேட்கும் கணத்தில் நாம் வியாபாரி என்னும் நிலையிலிருந்து ஆலோசகர் என்னும் நிலைக்கு ஏறிவிடுகிறோம். அங்கே ஏறி நின்று பெட்டியை விற்பது, வைத்தியர் மருந்துக் கடையின் கமிஷனுக்காக மருந்துச்சீட்டு எழுதுவதற்கு ஒப்பானது. அத்தகைய வைத்தியரை நாம் எப்படி ஏசுகிறோம்!

ஜகாத் வசூலிக்கச் சென்ற இப்னுல் லுத்பிய்யா என்பவரின் நிகழ்ச்சியை புகாரீயும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளனர். திரும்பி வந்த அவர், இது பொதுநிதிக்கு, இது எனக்கு வந்த அன்பளிப்பு என்று பிரித்துக் காட்டினார். தாய் தந்தையர் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்னும் கருத்தில் நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் நின்று கண்டித்தார்கள். அவர் பொதுப் பணியாளர், நாம் கடைக்காரர்கள். சட்டம் இருவருக்கும் ஒன்றல்ல என்பதை அறிவேன். தரகு பெறுவதை மார்க்க அறிஞர்கள் அனுமதித்துள்ளனர் என்பதையும் அறிவேன். ஆனால் அந்தக் கேள்வியை நம்மிடமும் கேட்டுப் பார்க்கலாம். நாம் வீட்டில் உட்கார்ந்திருந்தால் விநியோகஸ்தர் நமக்குச் சுற்றுலா தருவாரா? வாடிக்கையாளர் நம்மீது வைத்த நம்பிக்கைக்குத்தான் அவர் விலை கொடுக்கிறார். பிறர் நம்பிக்கையை விற்றுப் பெறும் பணம் அந்தப் பிறருக்குத் தெரியாமல் இருக்கலாமா?

சொல்லப்படும் சமாதானங்கள்

"வைரஸ் வந்தால் எங்களைத்தானே ஏசுவார்கள்?" என்பது ஒன்று. இதில் நியாயம் உண்டு. அதற்கு வழி, செய்த வேலையையும் சொன்ன ஆலோசனையையும் பில்லில் எழுதிக் கொடுப்பதே.

"வாடிக்கையாளரே கேட்கிறார்" என்பது இரண்டாவது. விளம்பரமும் நாமும் சேர்ந்து பத்தாண்டுகளாகக் கற்றுக்கொடுத்ததை அவர் திருப்பிச் சொல்கிறார். விளக்கிய பின்னும் வேண்டும் என்பவருக்கு விற்பதில் தவறில்லை. பத்துக் கணினிகளை ஒரே இடத்திலிருந்து கண்காணிக்க வேண்டிய அலுவலகம், நாள் முழுதும் பலரின் பென் டிரைவ்களைச் செருகும் ஜெராக்ஸ் கடை, பிள்ளைகளின் இணையப் பயன்பாட்டை ஒரே மென்பொருளில் கட்டுப்படுத்த விரும்பும் பெற்றோர் ஆகியோருக்குக் காசு கொடுத்து வாங்குவது பயன் தரலாம். இலவசம் எல்லாம் நல்லது என்றும் நான் சொல்லவில்லை. இலவச ஆன்ட்டிவைரஸால் புகழ்பெற்ற அவாஸ்ட் நிறுவனம், பயனாளர்களின் இணைய உலாவல் விவரங்களைத் துணை நிறுவனம் வழியே விற்றதற்காக, 2024-இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் 1.65 கோடி டாலர் செலுத்த நேர்ந்தது. எதைப் பரிந்துரைத்தாலும் அறிந்து பரிந்துரைக்க வேண்டும் என்பதே செய்தி.

"இதில்லாமல் கடை ஓடாது" என்பது மூன்றாவது. இதுவே உண்மையான காரணம். அரை நாள் உட்கார்ந்து மதர்போர்டைச் சரி செய்து ஐந்நூறு ரூபாய் கேட்டால் பேரம் பேசுவார்கள். பெட்டிக்கு ஆயிரம் கேட்டால் பேசாமல் கொடுப்பார்கள். ஆகவே உழைப்பின் கூலியைப் பெட்டிக்குள் ஒளித்து வாங்கப் பழகினோம். குடும்பத் தலைவர்களே, தலைவிகளே, இதில் உங்களுக்கும் பங்குண்டு. ஆடை கடையில் வாய் திறக்காமல் கொடுக்கிறீர்கள். கைவினைஞனின் கூலியில் ஐம்பது ரூபாய் குறைக்கக் கால்மணி நேரம் நிற்கிறீர்கள். கூலியை வியர்வை உலரும் முன் கொடுக்கச் சொன்ன மார்க்கம், கூலியைக் கசக்கிக் குறைக்கச் சொல்லவில்லை. கடைக்காரர்கள் உழைப்புக்கு உரிய கட்டணத்தை எழுதித் தொங்கவிடட்டும். நீங்கள் அதைக் கொடுங்கள். மறைந்த இலாபத்தின் தேவை அங்கேயே பாதி குறைந்துவிடும். மீதிப் பாதி பேராசை; அதற்கு மருந்து தவ்பா ஒன்றே.

வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசிக் குறையை வெளிப்படுத்தினால் அவ்வியாபாரத்தில் பரக்கத் உண்டு; மறைத்தால் பரக்கத் அழிக்கப்படும் என்பது ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அறிவிக்கும், புகாரீயிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தியின் கருத்து. அளவையில் குறைப்போரைக் கண்டித்து குர்ஆனில் 83-ஆம் அத்தியாயமே இறங்கியிருக்கிறது. தராசு நம் மேசையில் இல்லாததால் அந்த அத்தியாயம் நம்மைப் பற்றியதன்று என்று எண்ணிவிட வேண்டாம். அறியாதவரிடம் பேசும்போது நம் நாவே தராசு.

குடும்பங்கள் கேட்க வேண்டியவை

கடைக்காரர் ஆன்ட்டிவைரஸ் வாங்கச் சொன்னால் கூச்சமின்றி மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கணினியில் ஏற்கெனவே இருக்கும் டிஃபெண்டர் எனக்கு ஏன் போதாது? இதை விற்பதில் உங்களுக்கு என்ன கிடைக்கும்? இந்தக் கீ என் பெயருக்கு மட்டும் உரியதா, பில் தருவீர்களா? மூன்றாவது கேள்விக்குச் சட்டத்தின் துணையும் உண்டு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விற்ற பொருளுக்குப் பில் தராதிருப்பதை முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். இன்று நம் வீடுகளின் பணம் பெரும்பாலும் வைரஸால் போவதில்லை. வங்கியிலிருந்து பேசுகிறேன் என்பவரிடம் ஓடிபி சொல்வதால் போகிறது. காவல்துறை என்று வீடியோவில் மிரட்டுபவருக்கு அஞ்சி அனுப்புவதால் போகிறது. முன்பின் அறியாதவர் சொன்ன செயலியை ஏற்றி நம் திரையை அவரிடம் ஒப்படைப்பதால் போகிறது. நாமே கதவைத் திறந்துவிட்டால் எந்த மென்பொருள் தடுக்கும்? கணவர் வெளிநாட்டில் இருக்க, வரவு செலவைத் தனியே கவனிக்கும் சகோதரிகள் இதில் மிகுந்த எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். பணம் போய்விட்டால் தாமதமின்றி 1930 என்னும் எண்ணை அழையுங்கள். படங்களுக்கும் ஆவணங்களுக்கும் இரண்டு நகல்கள் வையுங்கள். ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். மழைக்காலம் ஆண்டுதோறும் வரும்.

முடிவாக

அந்த அம்மையாரிடம் ஆயிரம் ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன். முதலில் வாங்க மறுத்தார். பிறகு வாங்கி, வெள்ள நிவாரணத்திற்குப் பள்ளிவாசலில் கொடுத்துவிடச் சொல்லி என் கையிலேயே வைத்தார். உறவினரின் கைபேசிகளில் தேடியதில் அவருடைய கணவரின் படங்கள் சில கிடைத்தன. குரல் பதிவு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

அன்று முதல் என் கடையில் ஆன்ட்டிவைரஸ் பெட்டிகளை அடுக்கிவைப்பதில்லை. தேவைப்படுவோருக்கு என் இலாபத்தைச் சொல்லி வரவழைத்துத் தருகிறேன். திருட்டு விண்டோஸ் ஏற்றுவதில்லை. வருமானம் குறைந்தது உண்மை, மறைக்க மாட்டேன். ஆனால் என்னை உறுத்துவது அதுவன்று. அல்லாஹ்வுக்குரிய கடமையில் தவறினால் அவனிடம் மன்னிப்புக் கேட்கலாம். அடியார்களின் உரிமையில் தவறினால் அவர்களிடமே தீர்க்க வேண்டும். தேவையின்றி யார் யாருக்கு விற்றேனோ அவர்களைத் தேடிச் சென்று தீர்த்துவிடலாம் என்று பழைய பில் புத்தகங்களை எடுத்தேன். அவர்களில் பெரும்பாலோரின் பெயர் அதில் இல்லை. ஏனென்றால், அவர்களுக்கு நான் பில் போட்டதே இல்லை.

இதைப் படிப்பவர்களில் அப்படி என்னிடம் வாங்கியவர் எவரேனும் இருந்தால் கடைக்கு வாருங்கள். உங்கள் பணம் உங்களுக்கு உண்டு. இதே தொழிலில் இருக்கும் சகோதரர்களே, உங்கள் பில் புத்தகங்கள் இன்னும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போதே திறந்து பாருங்கள்.

வல்ல நாயன் நம் சம்பாத்தியத்தைத் தூய்மையாக்கி, நம் நாவையும் தராசையும் நேராக்கி, அறிந்தும் அறியாமலும் நாம் பறித்த உரிமைகளைத் திருப்பிக் கொடுக்கும் வாய்ப்பை மவ்த்துக்கு முன்பே தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.